கேட்காமல் போட்ட மருந்து

எழுபதுகளின் நடுப்பகுதி. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற காலம். திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு இருந்தது. மாரி தொடங்கியிருந்த கார்த்திகை மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் கணவருக்கு ஒரு கத்தரிக்காய்க் கறி சமைத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. யாரில் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன். அதில் முதல் ஆள் நான்தான்.

அவர் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் எஞ்சின் பார்த்தவர். வாய் ஓயாத மனிதர். எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துப் பழகியதால் வீட்டிலும் கத்திக் கத்தித்தான் கதைப்பார். அப்படிப்பட்டவர் அதற்கு முந்திய வருடத்தில் இருந்து மெல்ல மெல்ல ஓய்ந்து போனார். வீட்டில் ஒரு சாவு இல்லை, யாரோடும் சண்டை இல்லை, வேலையில் ஒரு குற்றம் குறை இல்லை. ஒரு காரணம் இருந்திருந்தால் அந்தக் காரணத்தோடு நான் மல்லுக்கு நின்றிருப்பேன். முதலில் கதை குறைந்தது. பிறகு சவரம் செய்வதை விட்டார். பிறகு வேலைக்குப் போவதையும் விட்டார். கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடுங்கோ என்றால் சாப்பிடுவார், குளியுங்கோ என்றால் குளிப்பார்.

ஒரு பின்னேரம் அவரைக் கையைப் பிடித்துக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தத் தண்ணி எவ்வளவு ஆழமெண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது" என்றார். அந்தக் கிழமை முழுவதும் அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். அதன்பிறகு வாசல் படலை அசைகிற சத்தம் கேட்டால் நான் குசினியில் இருந்து ஓடி வருவேன்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஆம்பிளைக்கு என்ன கவலை என்றார்கள். ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகும் என்றார்கள். ஒருவர் என் முகத்துக்கு நேரேயே, "ரெண்டு போட்டாத் தானா எழும்பி வேலைக்குப் போவார்" என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. அந்த ஆளை இன்றைக்குக் கண்டாலும் ஏசாமல் விடமாட்டேன்.

எங்களோடு இருந்த மாமி, அதாவது அவருடைய தாய், வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்தா. அதோடு விட்டாவா? யாரோ மந்திரித்துக் கொடுத்த தண்ணீரை அவருடைய தேநீரில் கலந்தா. இன்னொருவர் தந்த வேர்ப்பொடியைச் சம்பலில் போட்டா. ஆஸ்பத்திரியில் தந்த குளிசை வாயை உலர வைக்கிறதென்று அவர் விட்டபோது, அதைப் பொடியாக்கிச் சொதியில் கரைத்தது நான். எங்கள் வீடுகளில் இது வழக்கம். குடிக்கிறவர், முரண்டு பிடிக்கிற பிள்ளை, மனம் சரியில்லாதவர் எல்லாருக்கும் மருந்தைச் சாப்பாட்டில் கலந்துதான் கொடுப்போம். "அவருக்குத் தெரியாமக் குடு" என்பது மருந்தோடு சேர்ந்தே வீட்டுக்கு வரும். அதைப் பிழையென்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் அப்போது ஒரு அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்தாளர். அவர் வேலைக்குப் போகாததால், கந்தோர் விட்டபின் ஒரு டொக்டர் வீட்டிலும் டைப் அடித்துக் கொடுத்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். கன வருடம் வெளிநாட்டில் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். அங்கே இருந்த காலத்தில் ஒரு ஆராய்ச்சியில் சேர்ந்து வேலை செய்திருக்கிறார். சில காளான்களில் இருக்கிற சத்து மனிதருடைய மூளையை என்ன செய்கிறது, தீராத மனச்சோர்வுக்கு அது உதவுமா என்பதுதான் ஆராய்ச்சி. இடைநடுவில் சட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டார்களாம். இவர் தன்னுடைய குறிப்புகளைச் சுமந்துகொண்டு வந்து ஒரு புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

மழை விட்ட நாட்களில், குடையும் கடதாசிப் பைகளுமாகப் பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போவார். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி இழுத்துக்கொண்டு போகிற அந்தப் பெரிய மிதவையை. குறிஞ்சாக்கேணிப் பக்கத்து மேய்ச்சல் தரையில் எருமைச் சாணியில் முளைக்கிற காளான்களைப் பொறுக்கி வருவார். மருந்துக் கடையில் சாமான் முடிந்ததாலேதான் டொக்டர் சாணி கிண்டுகிறார் என்று எருமைப் பட்டிக்காரர்கள் பகிடி பண்ணுவார்களாம். அதை அவரே எனக்குச் சொல்லிச் சிரிப்பார். பொறுக்கியதைச் சுளகில் பரப்பி விறாந்தையில் உலர்த்துவார். வெளிநாட்டில் பார்த்த காளானும் இதுவும் ஒன்றுதானா என்று சோதித்துச் சொல்லும்படி ஒரு இரசாயனப் பேராசிரியருக்கு அனுப்பியிருந்தார். பதில் வரவில்லை.

நான் அடித்த பக்கங்கள் எனக்கு மனப்பாடம். மனச்சோர்வில் மனம் ஒரே தடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, மாரியில் ஒழுங்கைச் சேற்றில் பதிந்த வண்டில் தடம்போல, சில்லு வேறு பக்கம் திரும்பாது என்று எழுதியிருந்தார். இந்த மருந்து அந்தத் தடத்தைக் கொஞ்ச நேரத்துக்கு அழித்துவிடுகிறதோ என்று அவருக்கு ஒரு எண்ணம். அழித்துவிடுகிறது என்று அவர் எழுதவில்லை, அழித்துவிடுகிறதோ என்றுதான் எழுதினார். நான் அந்த ஓகாரத்தைக் கையால் அடித்தேன், மனதில் எடுக்கவில்லை. வருடக்கணக்காக அழாத ஒரு பெண் அழுதார், கதைக்காத ஒருவர் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்கிற வரிகளை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் அடிப்பேன்.

இன்னொரு வரியும் இருந்தது. மருந்து கொடுக்குமுன் நோயாளியோடு பல நாள் இருந்து கதைக்க வேண்டும், என்ன நடக்கக்கூடும் என்பதை முழுவதும் சொல்ல வேண்டும், அவர் சம்மதித்தால் மட்டுமே கொடுக்க வேண்டும், அது விடும்வரை பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். மூன்று பிரதி! வெள்ளைக்காரன் நாட்டுச் சடங்கு, எங்களுக்கு எதற்கு இது என்று நினைத்துக்கொண்டு அடித்தேன்.

ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டேன். "டொக்டர், இவருக்கு ஒருக்காக் குடுத்துப் பாருங்கோவன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, இது என்ன காளானெண்டே எனக்கு இன்னும் நிச்சயமில்லை. நிச்சயமெண்டாலும் குடுக்க எனக்கு அனுமதி இல்லை. முதல்ல ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும். சும்மா இருந்து கதைப்பம்."

"அவர் வரமாட்டார்" என்றேன்.

"கேட்டனீரோ?"

"அவரிட்டக் கேட்டு என்ன? அவர் ஒண்டும் கதைக்கமாட்டார்."

கேட்கவில்லை. ஒரு தடவைகூட நான் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் டொக்டரில் எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! மருந்தைச் சுளகில் காயப்போட்டு வைத்துக்கொண்டு, எரிகிற வீட்டுக்காரிக்கு உபதேசம் பண்ணுகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை, அவர் உள்ளே முகம் கழுவப் போன நேரம், சுளகில் இருந்து ஒரு பிடி அள்ளி என் கைப்பைக்குள் போட்டேன். அளந்தேனா? இல்லை. இது நஞ்சாக இருக்குமோ என்று யோசித்தேனா? அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமி கோயிலுக்குப் போயிருந்தா. கத்தரிக்காயைப் பொரித்து, உறைப்பும் புளியும் கூடப் போட்டு, அதற்குள் அந்தக் காளானையும் அரைத்துச் சேர்த்தேன். அவர் வழக்கம்போலக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுக் கதிரைக்குப் போனார். நான் அவர் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிவிட்டு வந்து எதிரே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் போனபின், "சுவர் மூச்சு விடுது" என்றார்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்று மனதுக்குள் குதித்தேன். அவருடைய முகம் வியர்ப்பதையும், தன் கைகளை யாரோ ஒருவருடைய கைகளைப்போல அவர் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதையும் நான் பிந்தித்தான் கவனித்தேன். எழும்பினார், இருந்தார், மறுபடி எழும்பினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை!

"எனக்கு முடிஞ்சுது. மண்டை கழண்டுட்டுது. இனி நான் திரும்பி வரமாட்டன்" என்றார்.

எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. அதுதான் கொடுமை. வயிற்றுக்குள் ஒரு மருந்து போயிருக்கிறது, பொழுதுபடுமுன் இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சுவர் மூச்சு விட்டால் என்ன, பாட்டுப் பாடினால் என்ன? ஒரு வருடமாகத் தன் மனத்தோடு தனியாக மல்லாடிய மனிதர், கடைசியில் அது உடைந்தே போயிற்று என்று நம்பிவிட்டார். நான் வாய் திறக்குமுன் படலையைத் தள்ளிக்கொண்டு மழைக்குள் ஓடினார்.

பின்னால் நானும் ஓடினேன். செருப்பில்லை, குடையில்லை. அவர் நேரே மூதூர் போகிற லாஞ்ச், அந்த மோட்டார்ப் படகு, கட்டுகிற இறங்குதுறைக்குப் போனார். பக்கவாட்டுப் படிகளில் இறங்கி முழங்காலளவு தண்ணீரில் நின்றார். இன்னும் இரண்டு படிதான் இருந்தது, அதற்கப்பால் நிலமில்லை. லாஞ்சுக்குக் காத்துக்கொண்டு கூரைக்குக் கீழே நின்ற ஆட்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அதில் எங்கள் ஒழுங்கைக்காரர் மூன்று பேர்.

நான் மேல்படியில் நின்றேன். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும், நானே மூன்று பிரதி அடித்தது. ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? புருசனுக்குச் சோற்றில் மருந்து போட்டவள் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். வசியம் பண்ணியவள், சூனியக்காரி, குடும்பத்தைக் கெடுத்தவள். பிறகு கந்தோருக்குப் போக ஏலாது, கோயிலுக்குப் போக ஏலாது. நான் யோசித்தேன். என் கணவர் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருக்க, நான் என் பெயரைப் பற்றி யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் இன்னொரு படி இறங்குகிற அளவு நேரம்.

பிறகு கத்தினேன். "நான்தான் கறிக்குள்ள மருந்து போட்டனான்! உங்களுக்கு ஒண்டும் கழரேல்லை! அது மருந்து செய்யுற வேலை, பொழுதுபட விட்டிடும்!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். விளங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் கால் நின்றுவிட்டது. நான் படிகளில் இறங்கினேன். நான் இறங்க, அவர் என்னை விட்டு விலகினார். நான் பயந்து நின்றுவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்தில் வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒரு கிண்ணியாக்காரர் எழும்பி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிய, நரைத்த தாடிக்கார முஸ்லிம் மனிதர். அவரை நான் முன்பின் கண்டதில்லை. என்னைப் பார்த்து, "தங்கச்சி, நீங்க அங்கயே நில்லுங்க" என்றார். பிறகு என் கணவருக்கு ஆறடி தள்ளி நின்றபடி, "தம்பி, பக்கத்துல வரட்டா?" என்று கேட்டார்.

என் கணவர் தண்ணீரையே பார்த்தார். அந்த மனிதர் அசையவில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தால் அதே குரலில் மறுபடி கேட்டார். "வரட்டா தம்பி?"

"ஓம்" என்றார் என் கணவர்.

பக்கத்தில் போனார். "கையப் புடிக்கட்டா?" என்றார். அதற்கும் கேட்டுவிட்டுத்தான் பிடித்தார். "மேல இரிப்பமா? கால் குளிருது எனக்கு." இரண்டு பேரும் மேல்படியில் இருந்தார்கள். பொழுதுபடும்வரை அந்த மனிதர் கையை விடவில்லை. "இது மழை தம்பி. அது லாஞ்ச், மூதூருக்குப் போகுது. இது என்ட கை. பயப்பிட ஒண்டுமில்ல, தங்கச்சி சொன்னதுதானே, விட்டுடும்" என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாலு படிக்கு மேலே நனைந்துகொண்டு நின்றேன். படிப்பறிவு இருந்ததோ இல்லையோ, முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குத் தொடுமுன் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. தாலி கட்டிக்கொண்டவளுக்குத் தெரியவில்லை. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தணியவில்லை.

பொழுதுபட அவருக்கு மெல்ல விட்டது. செய்தி எட்டி டொக்டரும் ஓடி வந்தார். நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார். "அது வேற காளானா இருந்திருந்தா இண்டைக்கு இவரைத் தூக்கிக்கொண்டு போயிருப்பம்!" என்று கத்தினார். நானும் விட்டேனா? "பூட்டி வைக்காமல் விறாந்தையில காயப்போட்டது ஆர்?" என்று திருப்பிக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி இவருடைய நாடியைப் பிடித்தார். அடுத்த நாள் சுளகில் இருந்ததையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தார். கையெழுத்துப் பிரதி, நான் அடித்த மூன்று பிரதி எல்லாவற்றையும் ஒரு இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் ஒரு வரி அவர் எழுதவில்லை. நான் அந்த மனிதரின் வாயை அடைக்கச் சொன்ன வார்த்தை, ஒரு ஆராய்ச்சியின் கழுத்தையே நெரித்துவிட்டது.

வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லவேண்டும். திங்கட்கிழமை காலையில் நான் தேநீர் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய்த் தானே அடுப்பை மூட்டித் தானே தேநீர் ஊற்றினார். மாமி வாயைப் பிளந்தா. ஒரு வருடமாக அசையாத மனிதர் விறகு முறிக்கிறார்! நானும் முட்டாள்தனமாக, மருந்து பலித்துவிட்டதாக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கதைத்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் நீளமான கதை அது.

"அம்மா தேத்தண்ணிக்குள்ள கலந்ததும் தெரியும், நீர் சொதிக்குள்ள குளிசை கரைச்சதும் தெரியும். தெரிஞ்சுதான் குடிச்சனான். உங்களுக்கு அது ஒரு ஆறுதல் எண்டு நினைச்சுத்தான் குடிச்சனான். ஆனா இதுக்கு நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். எனக்கும் சுகமாக விருப்பம்தானே. கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பன்."

நான் நீட்டிய தேநீரை அப்படியே கொண்டுபோய் முற்றத்தில் ஊற்றினேன்.

தை மாதம் முடியும்வரை அவர் என் கையால் ஒன்றும் வாங்கிச் சாப்பிடவில்லை. தானே சமைத்தார். உப்பில்லாத சோறும் அடிப்பிடித்த பருப்பும். ஒழுங்கையில் நான் போனால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன், குசினியில் அவர் தனியாக இருந்து சாப்பிடுகிற சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த மார்கழியில் ஒரு நாள் அவராகவே சட்டையைப் போட்டுக்கொண்டு டொக்டர் வீட்டுக்கு நடந்து போனார். கிழமைக்கு இரண்டு நாள் போய்க் கதைத்துவிட்டு வருவார். வருடம் திரும்ப வேலைக்கும் போனார். காளானா, கதையா, என்மேல் வந்த கோபமா, எது அவரை எழுப்பியது என்று டொக்டருக்கே தெரியாது. "ஒரு ஆளில, ஒரு நாளில, களவாச் செய்தது ஆராய்ச்சி இல்லைப் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். காளான்தான் சுகமாக்கியது என்று யாராவது என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னால் எனக்கு இப்போதும் கெட்ட கோபம் வரும்.

வெளிநாடுகளில் அந்த ஆராய்ச்சியை மறுபடி தொடங்கியிருக்கிறார்களாம் என்று, பிறகு பிறந்த எங்கள் மகள் போன மாதம் சொன்னாள். டொக்டர் இப்போது உயிரோடு இல்லை, இரும்புப் பெட்டியும் என்னவானதோ தெரியாது. எத்தனை பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தே போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோது அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தத் தை முடிந்து, மாசியில் ஒரு காலையில் அவர் குசினி வாசலில் வந்து நின்று, "தேத்தண்ணி தாறீரோ?" என்றார். ஊற்றினேன். நீட்டுமுன், "தேயிலை, சீனி, ஒரு துண்டு இஞ்சி. வேற ஒண்டுமில்லை" என்றேன். வாங்கிக் குடித்தார். அவர் போய்ச் சேரும்வரை, இருபத்தேழு வருடம், ஒவ்வொரு கோப்பையையும் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தேன். போதும் விடும் என்று அவர் சிரிப்பார். நான் விடவில்லை. ஒரே ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டதனால், என் மனிதர் தன் மனம் உடைந்துவிட்டதாக நினைத்துத் தனியாகத் தண்ணீருக்குள் நின்ற அந்த மத்தியானத்தை, இத்தனை ஆயிரம் கோப்பைத் தேநீராலும் என்னால் கழுவ முடியவில்லை.